கூறைச்சேலை கிடக்கும் மண்

"புகை! புகை போடாதையுங்கோ! வண்டு நிக்குது!"

தவராசா கத்துகிறான். நான் தீப்பெட்டியோடு குந்தியிருக்கிறேன். முன்னால் விறகு. அதை விறகென்று சொல்ல முடியாது. உடைந்த கதவுப் பலகை. காய்ந்த பனைமட்டை. ஒரு கதிரையின் கால்கள். அவற்றின் மேல் என் மகள் அபிராமி. வயது பதினேழு.

மட்டையின் நுனி பற்றிவிட்டது. வெண்புகை எழுகிறது. நேராக எழுகிறது. காற்று இல்லை.

மேலே அந்த இரைச்சல். தையல் இயந்திரம் ஓயாமல் ஓடுவது போல. ஆளில்லாத வேவு விமானம். நாங்கள் அதை வண்டு என்போம். அது சுற்றிய இடத்துக்குச் செல் வரும், எறிகணை. புகை கண்டால் விரைவில் வரும்.

தவராசா அடுத்த பதுங்குகுழிக்காரன். பாய்ந்து வருகிறான். இரு கைகளாலும் மணலை அள்ளித் தீயின் மேல் எறிகிறான். என் மகளின் முகத்திலும் மணல் விழுகிறது. நான் அவன் கையைப் பிடிக்கிறேன். அவன் என்னைத் தள்ளுகிறான்.

"படு! எல்லாரும் படுங்கோ!"

தூரத்தில் டும் என்று புறப்படும் ஒலி. பிறகு அமைதி. பிறகு விசில். விசில் கேட்டால் அந்தச் செல் உனக்கில்லை. கேட்காததுதான் உனக்கு. இதைக் குழந்தைகளும் அறிந்திருந்தார்கள். களப்புப் பக்கம் வெடிக்கிறது. மணல் மழையாகப் பொழிகிறது. நான் அபிராமியின் மேல் கவிழ்ந்து கிடக்கிறேன். காப்பதற்கு அவளிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆயினும் கிடந்தேன்.

அது மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. யுத்தத்தின் கடைசி மாதங்கள். வன்னியின் கடலுக்கும் களப்பு என்ற உப்புநீர் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அதில் எண்ண முடியாத சனம்.

காலையில் அபிராமி கஞ்சி வாங்கப் போனாள். அலுமினியச் சட்டியோடு வரிசையில் நின்றாள். வரிசைக்குள் செல் விழுந்தது. தவராசாவும் நானும் அவளைத் தூக்கி வந்தோம். அவன் மனைவி செல்வி சட்டியைக் கொண்டுவந்தாள். சட்டியில் ஒரு துளை. மகளின் நெற்றியில் ஒரு துளை. பின்பக்கத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

நாங்கள் சைவர். பால்குடிக் குழந்தையைத்தான் மண்ணில் வைப்போம். வளர்ந்தவரை நெருப்பிடம் கொடுப்போம். உடலை விட்ட உயிருக்குத் திரும்பிப் பார்க்க ஒரு வீடு இருக்கக்கூடாது. நெருப்பு அந்த வீட்டை எடுத்துவிடும். உயிர் போகும். அப்படித்தான் என் தகப்பனார் சொல்லித் தந்தார். அப்படித்தான் நான் கோயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் அபிராமியும் ஒருத்தி.

வண்டு போகட்டும் என்று காத்திருந்தேன். அது போகவில்லை. வெயில் ஏறியது. ஈ வந்தது. என் மனைவி பரமேஸ்வரி எழுந்தாள். பதுங்குகுழியின் சுவரிலிருந்து ஒரு மண்மூட்டையை இழுத்தாள்.

அந்தச் சுவர் சேலைகளால் ஆனது. உரப்பைகள் தீர்ந்துபோயின. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டிப் பை தைத்தார்கள். மணல் நிரப்பி அடுக்கினார்கள். அந்தத் திட்டு முழுவதும் பட்டும் நூலுமாகச் சுவர்கள். பச்சை, மஞ்சள், ஊதா. திருவிழாவுக்குச் சோடித்தது போல. பரமேஸ்வரியின் கூறைச்சேலை கடைசியாகப் போனது. தாலி கட்டிய அன்று உடுத்தது. அரக்குச் சிவப்பு. அதை மட்டும் அவள் வெட்டவில்லை. முழுதாக மடித்து, ஓரங்களை மூட்டித் தைத்திருந்தாள்.

இப்போது தையலைப் பல்லால் கடிக்கிறாள். நூல் அறுகிறது. மணல் கொட்டுகிறது. சேலையை உதறுகிறாள். இரண்டு முறை உதறினாள். பிறகு மகளைச் சுற்றினாள். கால் முதல் தலைவரை. மணமகளுக்குக் கொய்சகம் பிடிப்பது போல மடிப்புகளைத் தன் விரலால் நீவினாள்.

பதுங்குகுழிக்குள்ளேயே வைத்தோம். வேறு மூட்டைகளின் வாயை அவிழ்த்தோம். சுவர் முழுவதும் உள்ளே போனது. மணல் விழுந்தால் ஒலி இல்லை. அதை அன்று அறிந்தேன். பட்டின் மேல் மணல் விழும்போது மழை ஓய்ந்தபின் இலையிலிருந்து சொட்டும் அளவுக்கு ஓர் ஒலி. பிறகு அதுவும் இல்லை.

நான் ஓதவில்லை. வாயைத் திறந்தேன். நாவில் மணல். ஆயிரம் தரம் ஓதிய பதிகத்தின் முதற்சொல் எனக்கு வரவில்லை.

அந்தக் கிழமைக்குள் களப்பைக் கடந்தோம். கழுத்தளவு நீர். தவராசா முன்னால் போனான். செல்வி அவன் தோளைப் பிடித்திருந்தாள். விசில் கேட்கவில்லை. நீர் வெண்மையாக எழுந்து விழுந்தது. எழுந்த இடத்தில் இருவரும் இல்லை. பரமேஸ்வரி திரும்பி மணல் திட்டைப் பார்த்தாள். "பாக்காதை! நட! நட!" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்குக் கேட்கவில்லை.

*

இப்போது சிட்னியில் இருக்கிறேன். டூங்கபியில் மகன் செந்தூரனின் வீடு. யுத்தம் நடந்தபோது அவன் மெல்பேர்னில் படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிந்து சிட்னியில் வேலை கிடைத்தது. அகதி முகாம் விட்டு வெளியே வந்த எங்களைப் பல வருடங்களின் பின் அழைத்துக்கொண்டான். தங்கையை அவன் கடைசியாகக் கண்டது பேருந்தின் ஜன்னல் வழியாக. கையசைத்தாளாம். அவனிடம் அவளுடைய மரணம் ஒரு தொலைபேசிச் செய்தி. என்னிடம் அது ஒரு பளு.

இந்த நகரின் மேற்குப் பகுதியில் எங்களவர் இறந்தால் என்னை அழைப்பார்கள். சுண்ணம் இடிக்கும்போது பாட வேண்டும். எங்கள் வழக்கம் அது. உடலின் முன் உரலை வைத்து, மஞ்சளும் வாசப்பொருளும் இட்டு உலக்கையால் இடிப்பார்கள். அந்தப் பொடியை உடலின் மேல் தூவுவார்கள். இடிக்கும்போது அதற்குரிய பாடலைப் பாட ஒருவர் வேண்டும். நான் பாடினேன். செவன் ஹில்ஸிலிருந்து வந்து அழைத்தார்கள். பென்டில் ஹில்லிலிருந்து வந்து அழைத்தார்கள். மறுத்ததில்லை.

இங்கே நெருப்பைக் காண முடியாது. பெட்டி திரைக்குப் பின்னால் போகும். மூத்த மகன் ஒரு பொத்தானை அழுத்துவான். எங்கோ மெல்லிய இரைச்சல். அவ்வளவுதான். ஆயினும் நெருப்பு. ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஒரே கணக்கு. இவனுக்குக் கிடைத்தது. இவளுக்குக் கிடைத்தது. என் பிள்ளைக்கு இல்லை. அவள் எங்கே நிற்கிறாள். மணலுக்குள் பட்டைச் சுற்றிக்கொண்டு இன்னும் திரும்பிப் பார்த்தபடி நிற்கிறாளா. திரை மூடும். நான் கண்களை மூடுவேன். சனம் அதைப் பக்தி என்று எண்ணியது.

பரமேஸ்வரி எந்தச் செத்தவீட்டிலும் சுண்ணம் முடியும்வரை இருந்ததில்லை. உலக்கை இரண்டாம் முறை விழும்போது எழுந்து வெளியே போவாள். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருப்பாள். நான் காரணம் கேட்கவில்லை. காரணம் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அவளுக்கு நோய். ஈரல். வைத்தியர் வார்த்தைகளை மிருதுவாகப் பொறுக்கிச் சொன்னார். மார்கழி முழுவதும் ஆஸ்பத்திரி. நான் கட்டிலருகே இருந்து பதிகம் ஓதினேன். ஒரு மாலை அவள் என் கையைத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ. கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. ஒரு கதை."

"சொல்லு."

"என்னைச் சுட வேண்டாம்."

"விசர்க் கதை கதையாதை."

"என்ர கூறை அவளோட கிடக்கு. அவளுக்கு நெருப்புக் கிடைக்கேல்லை. எனக்கும் வேண்டாம். மண்ணில வையுங்கோ."

"சைவக்காரியை மண்ணில வைக்கேலாது பரமேசு. ஊருக்கெல்லாம் சுண்ணம் பாடுறவன் நான்."

"ஊருக்குப் பாடுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? என்னை மட்டும் மண்ணில வையுங்கோ." சிரித்தாள். "நாற்பது வருசமா உங்கட பதிகத்தைக் கேட்டிருக்கிறன். ஒருக்கா என்ர சொல்லைக் கேளுங்கோ."

என்ன சொல்வேன். அவளை மண்ணில் வைத்தால் அவளும் திரும்பிப் பார்த்தபடி நிற்பாளே. ஒருத்தியை அப்படி விட்டுவிட்டு வந்தது போதாதா. இன்னொருத்தியையும் நானே என் கையால் நிறுத்த வேண்டுமா. வாயைத் திறந்தேன். மூடினேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அடுத்த நாள் விடியற்காலை முகம் அந்தப் பக்கமே இருந்தது; மூச்சு இல்லை. தை மாதம் பிறந்து சில நாட்கள். அவள் கேட்டுவிட்டாள். நான் சம்மதிக்கவில்லை. கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

*

வீடு நிறையச் சனம். குசினிக்குள் தேநீர் கொதிக்கிறது. உடுத்துவிடப் பெண்கள் வந்துவிட்டார்கள். கணவன் இருக்க இறந்தவளைக் கூறைச்சேலை உடுத்தித்தான் அனுப்புவார்கள். ஒரு பிள்ளை என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்.

"அங்கிள், அன்ரியின்ர கூறையை எடுத்துத் தாறீங்களா?"

"இல்லைப் பிள்ளை."

"அலுமாரிக்குள்ள பாக்கட்டா?"

"அலுமாரிக்குள்ள இல்லை."

அவள் விழித்தாள். செந்தூரன் கார்ச் சாவியை எடுத்தான். "பென்டில் ஹில்லில கடை திறந்திருக்கும். ஓடிப்போய்ப் புதுசொண்டு வாங்கிக்கொண்டு வாறன்."

"வேண்டாம். அவளுக்கு ஒரு கூறைதான்."

"அப்பா, சனம் கேக்கும்."

"கேக்கட்டும். வீட்டுச் சேலையை உடுத்துங்கோ."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வாய் தன்பாட்டில் பரமேஸ்வரியின் பக்கம் போய்விட்டது. அடக்கம் செய்யும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கையில் பேனை. எரிப்பதா, புதைப்பதா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். செந்தூரன், "கிரிமேஷன்" என்றான். நான், "இல்லை" என்றேன்.

அவன் என்னை அறைக்குள் கூட்டிப்போனான். கதவைச் சாத்தினான்.

"அப்பா, பிளீஸ். என்ன இது?"

"கொம்மா கேட்டவ."

"மருந்து மயக்கத்தில ஆயிரம் சொல்லுவா. போன வருசம் இஞ்ச டூங்கபியில ஒரு குடும்பம் தகப்பனை மண்ணில வைக்க யோசிக்கேக்க, நீங்கள்தானே வீட்டை போய் மூண்டு மணித்தியாலம் சமயம் கதைச்சு மாத்தினனீங்கள்?"

"ஓம். மாத்தினனான்."

"அப்ப அவைக்கு ஒரு சைவம், எங்களுக்கு ஒரு சைவமோ?"

சொல்லத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். மணல் திட்டில் நடந்ததை. பனைமட்டை. வண்டு. மூட்டையின் தையலைத் தாய் பல்லால் கடித்தது. இத்தனை வருடம் அவனிடம் நாங்கள் 'அடக்கம் செய்தோம்' என்று மட்டுமே சொல்லியிருந்தோம். அவன் நிலத்தில் அமர்ந்தான். பிறகு, "அந்தச் சேலை என்ன நிறம்?" என்று கேட்டான். சொன்னேன். எழுந்து முகம் கழுவினான். வெளியே போய் அந்தப் பெண்ணிடம் புதைப்பதென்று சொன்னான்: "பெரியல்."

குருக்கள் வர மறுத்தார். மண்ணுக்குச் செய்யும் கிரியை தமக்கு இல்லை என்றார். குறை சொல்லேன். போன மாதம் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

இடம் பார்க்க மயானத்துக்குப் போனோம். நான், மகன், நாகேந்திரம். நாகேந்திரம் பென்டில் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருப்பவன். அதே மணல் திட்டிலிருந்து தப்பியவன். பரமேஸ்வரியை அக்கா என்பான். அலுவலகத்தில் கேட்டார்கள். ஒருவருக்கான ஆழமா, இருவருக்கான ஆழமா. முதலில் வைப்பவர் கீழே. பிறகு வருபவர் மேலே.

"ஒராளுக்கான ஆழம் காணும்" என்றான் செந்தூரன். "அப்பா எப்பிடியும் கிரிமேஷன்தான்."

"இரண்டாத் தோண்டச் சொல்லு தம்பி" என்றான் நாகேந்திரம். "வேண்டாமெண்டால் பிறகு விடலாம். ஆழம் பிறகு வராது." என் பக்கம் திரும்பினான். "என்ன அண்ணை பாக்கிறியள்? இந்த நாட்டில காருக்கும் இடமில்லை, செத்தவனுக்கும் இடமில்லை. அதுதான் மாடி வைக்கிறாங்கள். கீழ்மாடி அக்கா. மேல்மாடி நீங்கள். சண்டை பிடிக்கவும் வசதி."

செந்தூரன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியது. மேல்மாடி. நான் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அவளை மண்ணில் வைத்துவிட்டு நான் நெருப்புக்குள் போவேன். சாம்பலாகிக் கடலில் கரைவேன். போகவேண்டிய இடத்துக்குப் போவேன். அவர்கள் இருவரும்?

இரண்டுக்குத் தோண்டினார்கள். நான் முடிவு சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை. முற்பகல். மண்டபத்தில் உரல் வைத்தார்கள். நான் பாடத் தொடங்கினேன். உலக்கை விழுந்தது. டொக். தொண்டை திறந்தது. மறுபடி விழுந்தது. டொக். அவள் எழுந்து போகும் இடம் அது. கதவைப் பார்த்தேன். அவள் பெட்டிக்குள் இருந்தாள். எழுந்து போக முடியாமல் இருந்தாள். மூன்றாவது ஒலி டும் என்று கேட்டது. என் பாட்டு நின்றது.

நாகேந்திரம் தொடர்ந்தான். அவனுக்குச் சுருதி கிடையாது. தாளமும் கிடையாது. சொற்கள் முழுவதும் தெரிந்திருந்தன. என்னோடு பல செத்தவீடுகளுக்கு வந்து பின்வரிசையில் நின்றவன்.

புதைகுழியருகே மண் குவிந்திருந்தது. சிட்னியின் மண் களி. கனத்தது. பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி போட்டோம். ஆட்கள் விலகினார்கள். ஒரு சிறிய இயந்திரம் அகப்பையில் மண்ணை ஏந்தி வந்தது. கொட்டியது.

டும்.

மணல் ஒலிப்பதில்லை. களி ஒலிக்கும். பெட்டியின் மேல் விழும்போது, தொலைவில் செல் புறப்படும் ஒலி. அடுத்து விசில் வர வேண்டும். வரவில்லை. கேட்காததுதான் உனக்கு.

"படு! படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தியது நான். புல்லில் முகம் புதைய, கைகளால் பிடரியை மூடிக் கிடந்தேன். சப்பாத்துகள் தெரிந்தன. நிற்கின்ற சப்பாத்துகள். யாரும் படுக்கவில்லை. ஒருவனைத் தவிர. அவன் எனக்குப் பக்கத்தில் அதேபோலக் கிடந்தான். புதுக் கறுப்புக் கோட்டோடு. நாகேந்திரம்.

எங்கள் முகங்கள் அருகருகே இருந்தன. அவன் கண் திறந்து பார்த்தான். மூச்சு வாங்கியது.

"அண்ணை. எழும்புங்கோ. அவங்கள் இல்லை. மிசின்."

"மிசினை நிப்பாட்டச் சொல்லு."

நிறுத்தினார்கள். நான் மண்டியிட்டுக் கையால் தள்ளினேன். செந்தூரன் தள்ளினான். பிறகு பெண்கள். நல்ல சேலையோடு, நகங்களுக்குள் களி ஏற, தள்ளினார்கள். கை மண் மென்மையாக விழுந்தது. மெல்ல மெல்ல ஒலி குறைந்தது. பிறகு இல்லை.

*

அதன் பின் ஒவ்வொரு ஞாயிறும் மயானத்துக்குப் போகிறேன். செந்தூரன் காரில் இறக்கிவிடுவான். நந்தியாவட்டை, ஒரு போத்தல் தண்ணீர். அயல் கல்லறைகள் இத்தாலியருடையவை. கல்லில் புகைப்படம் பதித்து, விளக்கு வைத்து, குடும்பமாக வந்து இருப்பார்கள். ஒரு கிழவி எனக்கு மடக்குக் கதிரை தருவாள். தன் கணவனின் கல்லைத் துடைத்துவிட்டுப் பரமேஸ்வரியின் கல்லையும் துடைப்பாள். எனக்கு அவள் மொழி தெரியாது. அவளுக்கு என் மொழி தெரியாது. இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கல்லில் இரண்டு பெயர்கள் வெட்டுவித்தேன். பரமேஸ்வரி. கீழே அபிராமி. செந்தூரன் கேட்டான்.

"அவள் இஞ்ச இல்லையே அப்பா."

"ஓம். இல்லை."

"பிறகு?"

"வேறெங்க வெட்டுறது?"

மணல் திட்டில் பெயர் இல்லை. குறி இல்லை. பதுங்குகுழி எந்த இடத்தில் இருந்தது என்று என்னாலும் இனிக் காட்ட முடியாது. உலகில் அவள் பெயர் கல்லில் உள்ள ஒரே இடம் இது. அவள் உடலிலிருந்து ஒரு பெருங்கடல் தூரம்.

அங்கே இருந்து இறைவனிடம் வழக்காடுகிறேன். நீ நெருப்பைக் கையில் ஏந்தி ஆடுகிறாய். மெய். மண்ணாகவும் நீயே நிற்கிறாய் என்று இந்த வாய் ஓதியது. அதுவும் மெய்யென்றால் என் பிள்ளை உன் மேல்தானே கிடக்கிறாள். உன் மடியில்தானே அவளை வைத்தேன். அப்படியென்றால் ஏன் எனக்கு உறக்கம் இல்லை. ஏன் வாயில் இன்னும் மணல். ஓதுகிறேன். காத்திருக்கிறேன். மைனாக்கள் கத்துகின்றன. ரயில் போகிறது. பதில் வருவதில்லை. இது எல்லா ஞாயிறும்.

ஆட்டைத் திவசம் வந்தது, அவள் போய் ஓராண்டு. தை. இங்கே கோடை, கடும் வெயில். மேற்கிலிருந்து அனல்காற்று. மலைப் பக்கம் காடு எரிந்து வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. செந்தூரன் காரை நிறுத்தப் போனான். நான் கல்லின் முன் வெற்றிலை வைத்து, கர்ப்பூரம் வைத்தேன். தீக்குச்சியைக் காற்று அணைத்தது. மறுபடி கிழித்தேன். குனிந்து உடலால் மறைத்தேன். பற்றியது. சிறு சுடர். கறுத்த புகை.

"நோ ஃபயர்! நோ ஃபயர், மேட்!"

மஞ்சள் மேற்சட்டை போட்ட மயானத் தொழிலாளி ஒருவன் வரிசைகளுக்கு நடுவே ஓடி வருகிறான். இரு கைகளையும் வீசுகிறான். இப்படியான நாட்களில் வெளியே தீ மூட்ட இந்த மாநிலத்தில் முழுத் தடை. வானொலி காலையில் சொன்னதாம். நான் கேட்கவில்லை. அவன் முழங்காலில் விழுந்து, புதைகுழியின் ஓரத்து மண்ணை இரு கைகளாலும் அள்ளிச் சுடரின் மேல் போடுகிறான். வெற்றிலை மூடுண்டது. சுடர் இல்லை.

நான் அவன் கையைப் பிடித்தேன். அதே பிடி. அவன் என்னைத் தள்ளவில்லை. முகத்தைப் பார்த்தான். "ஸொரி, மேட். ஸொரி" என்றான். மூச்சிரைத்தது. இளைஞன் அல்லன். தவராசா உயிரோடிருந்தால் அந்த வயது.

கையை விட்டேன். அவன் போத்தல் தண்ணீரை எடுத்துத் தந்தான். குடித்தேன். வாய் கழுவித் துப்பினேன். துப்பியதில் மணல் இல்லை. ஆனால் பல்லுக்கிடையில் அது நறநறத்தது.

செந்தூரன் ஓடி வந்தான். "அப்பா! என்ன நடந்தது?"

"நெருப்பு விடாங்களாம்."

"ஓம் அப்பா, இண்டைக்கு ஃபயர் பான். வீட்டை போய் வைப்பம்."

"வீட்டையும் வேண்டாம்." கல்லைப் பிடித்து எழுந்தேன். "உவளுக்கு மேலை கிடக்கிற இடம் எனக்கு. அலுவலகத்தில சொல்லிவிடு. என்னைச் சுட வேண்டாம்."

"அப்பா, நீங்கள் நம்புற..."

"நம்புறன். நம்பிக்கொண்டுதான் சொல்லுறன். ரெண்டு பேரும் நிக்கினம். நான் மட்டும் எப்பிடிப் போறது?"

அவன் என் முழங்காலில் ஒட்டிய மண்ணைக் குனிந்து தட்டிவிட்டான். பிறகு தட்டுவதை நிறுத்தினான்.

இது சாட்சியம். வாசிக்கிறவர் மறக்கக்கூடாது என்பதால் கணக்கையும் எழுதுகிறேன்.

மணல் திட்டில்: அபிராமி, என் மகள். கூறைச்சேலை ஒன்று, அரக்குச் சிவப்பு, வெட்டாதது. பனைமட்டையின் பாதி எரிந்த நுனி. ஒரு பதிகத்தின் முதற்சொல்.

களப்பில்: தவராசா. செல்வி. துளை விழுந்த கஞ்சிச் சட்டி. கோயிலில் நான் தட்டிய கைத்தாளம் ஒரு சோடி. ஒரு பதிகத்தின் முதற்சொல்.

அதற்கு முன், வழியில்: வீடு. வீட்டோடு எரிந்த ஏடுகள். கோயிலில் என்னிடம் ஓதப் படித்த பிள்ளைகள். அவர்களின் பெயர்கள் அனைத்தும் எனக்குத் தெரியும். எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று தெரியாது.

சிட்னியில், மண்ணுக்குள்: பரமேஸ்வரி, என் மனைவி. வீட்டுச் சேலையோடு.

மீதி: அவளுக்கு மேலே, ஓர் ஆள் படுக்கும் அளவு மண்.